பக்கக் கிளைக்கு மறதி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘தங்கள் நாளிதழின் ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன்’ என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் படிக்கவில்லை. கட்டுரைதான் என்னைத் தேடி வந்தது, நான்காக மடிக்கப்பட்டு, ஒரு தம்பியின் சட்டைப்பையில்.

அவர் சேலம் அழகாபுரத்துக்காரர். கம்ப்யூட்டர் வேலை. கொட்டச்சேடு பக்கம் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பனி விலகுவதற்கு முன்பே வந்து, காரின் பின்கதவைத் திறந்து, ஈரச் சாக்கில் சுற்றிய கட்டு ஒன்றை இறக்கினார். “அம்மா, 120 குச்சி இருக்கிறது. எல்லாம் ஒரே செடியில் எடுத்தது. வேர் பிடிக்க வைத்துக் கொடுங்கள். கூலி நீங்கள் சொல்வதுதான்” என்றார். கோடையில் தோட்டமே இலை தொங்கி நின்றபோது அந்த ஒரு செடி மட்டும் வாடவில்லையாம். அதைப் பெருக்கித் தோட்டம் முழுக்க நட வேண்டும் என்று ஆசை.

பிரித்துப் பார்த்தேன். குறை சொல்ல முடியாது. கத்தி கூராக இருந்திருக்கிறது, வெட்டு நசுங்கவில்லை. அடிமுனைகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கியிருந்தார். இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டிருந்தார். இவ்வளவையும் எங்கோ பார்த்துக் கற்றுக்கொண்டவர் ஒன்றை மட்டும் கற்கவில்லை. 120 குச்சியும் பக்கக் கிளையில் எடுத்தவை.

“தம்பி, இதில் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்காது” என்றேன். அப்போதுதான் அவர் தங்கள் பக்கத்தை எடுத்து விரித்தார். ஒரு வரியின் கீழே சிவப்பு மையில் கோடு. ‘தாவரத்தின் எந்தச் செல்லும், வெட்டுப்பட்ட மறுகணமே தன் பழைய வாழ்வை அடியோடு மறந்து, பிறந்த குழந்தையாகி, வேண்டிய உறுப்பாக வளரும்.’

“பேப்பரிலேயே போட்டிருக்கிறதே, அம்மா!”

பேப்பரில் போட்டதை நம்பி, நல்ல செடி ஒன்றை மொட்டையடித்துக்கொண்டு வந்த பிள்ளையிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது? கோபத்தை உரிய இடத்தில் காட்டலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் நாற்றங்காலில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள். என் அப்பா அங்கே நாற்றங்கால் மேஸ்திரி. இப்போது நாகலூர் சாலையில் சொந்தமாகச் சிறிய நாற்றங்கால் வைத்திருக்கிறேன். காப்பி, மிளகு, எலுமிச்சை, கொய்யா, கீழே சமவெளியிலிருந்து வந்து கேட்பவர்களுக்கு ஒட்டு மாங்கன்று. படிப்பு பத்தாவது வரைதான். மகள் தாவரவியல் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை செய்கிறாள். இந்தக் கடிதத்தில் ஆண்டும் வெளிநாட்டுப் பெயரும் வருகிற இடமெல்லாம் அவள் தொலைபேசியில் சொல்லி நான் எழுதியவை. மண் வருகிற இடம் என்னுடையது.

அந்தத் தம்பியைப் பார்த்து நான் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. 22 வயதில் நானும் இதையே செய்தேன். அந்த ஆண்டு தை மாதத்தில் அப்பா காலமானார். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் கொட்டகைக்குப் பின்னால் கிளை தாங்காமல் காய்க்கிற செடி ஒன்று நின்றது. அதைப் பெருக்கித் தருகிறேன் என்று எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் நானே வாயைக் கொடுத்தேன். அப்பா இருந்திருந்தால், “நிற்கிற குச்சியை எடு, கிடக்கிற குச்சியைத் தொடாதே” என்று ஓர் அதட்டலில் முடித்திருப்பார். அவர் அதைப் பலமுறை சொல்லி என் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால் நிற்கிற குச்சி ஒரு செடியில் இரண்டோ மூன்றோ இருந்தால் அதிகம். கிடக்கிற குச்சி நூறு இருக்கும். கைக்கு எட்டியதை வெட்டினேன். காட்டுமண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து பை நிரப்பி, பாலித்தீன் கூடாரம் போட்டு, வேளைக்கு வேளை தண்ணீர் தெளித்தேன். மூன்று மாதத்தில் நன்றாகவே வேர் பிடித்தன. மேஸ்திரிக்குப் பிறந்தது மேஸ்திரிதான் என்றார் ரைட்டர். நானும் நம்பிவிட்டேன்.

ஆனி மழையில் நட்டோம். முதல் ஆண்டு எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. இளஞ்செடிதானே என்று முட்டுக் கொடுத்துக் கட்டினேன். கட்டை அவிழ்த்தால் நுனி மறுபடியும் படுத்தது. இரண்டாம் ஆண்டில் கிழக்கே பார்த்தது கிழக்கே, மேற்கே பார்த்தது மேற்கே, ஒவ்வொன்றும் விசிறியை மண்ணில் கிடத்தியது போலப் படர்ந்தது. பங்குனியில் பூ மழை பெய்து மற்றச் செடிகள் பூத்தபோது இவையும் தவறாமல் பூத்தன, முழங்கால் உயரத்தில். காய்த்தன, மண்ணைத் தொட்டுக்கொண்டு. பழம் எடுக்க வந்த பெண்கள் குனிந்து பார்த்தார்கள், முடியவில்லை, சம்மணமிட்டு உட்கார்ந்து எடுத்தார்கள். காப்பிக் காட்டில் பாய் விரித்தவள் என்று எனக்குப் ‘பாய்க்காரி’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் இன்னும் போகவில்லை.

காப்பிச் செடியைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிராக இருக்காது. செடியின் நடுத்தண்டு நேராக மேலே போகும். அதில் கணுவுக்குக் கணு எதிரெதிராக இரண்டு இலை. ஒவ்வோர் இலைக் கக்கத்திலும் மேலும் கீழுமாகப் பல மொட்டுகள் அடுக்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற மொட்டு பக்கக் கிளையாக நீளும். அந்தக் கக்கத்துக்கு அந்த ஒரு கிளைதான். அது முறிந்தால் முறிந்ததுதான், அந்த இடத்தில் இன்னொரு பக்கக் கிளை வராது. அதற்குக் கீழே இருப்பவை தூங்கும். தண்டை வெட்டினாலோ வளைத்துக் கட்டினாலோ அவை விழித்து, நேர் மேலே நிமிரும் நீர்ப்போத்தாக வரும். பக்கக் கிளையின் கணுக்களிலும் மொட்டுகள் உண்டு. அவை பூவாகும், இல்லாவிட்டால் இன்னும் சில பக்கக் கிளைகளாகும். நிமிர்ந்த போத்து ஒன்றை அவை தருவதே இல்லை. காப்பிப் பழம் முழுவதும் பக்கக் கிளையில்தான் காய்க்கிறது என்பதால், படுத்து வளர்வது அதற்கு ஒரு குறையும் இல்லை. அதன் வேலையே அது.

ஆக, என் பாய்ச் செடிகளில் நடந்தது என்ன? தண்டில் இருந்த செல்கள் வேராயின. அதுவரை தங்கள் கட்டுரையாளர் சொன்னது சரி. ஓர் அதிசயத்தை அதிசயம் என்றுதான் எழுதியிருக்கிறார், அதற்கு நன்றி. ஆனால் ‘அடியோடு மறந்து’ என்று எழுதினாரே, அங்கேதான் தோட்டம் கெடுகிறது. வேர் விட்ட பிறகும், புது மண்ணில் நின்ற பிறகும், தான் பக்கவாட்டில் வளர வேண்டிய கிளை என்பதைக் குச்சி மறக்கவில்லை.

மிளகும் இதைத்தான் செய்கிறது. அடியிலிருந்து ஓடும் கொடியை வெட்டி நட்டால் சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். காய் பிடிக்கிற பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்தால் ஏறாது; தொட்டியில் குட்டையாக நின்று அங்கேயே காய்க்கும். அதைப் புதர் மிளகு என்று நான் விலை வைத்து விற்கிறேன். காப்பியில் எனக்கு அவமானமாக இருந்த அதே ஞாபகம் மிளகில் வருமானம். பழைய பங்களா வாசல்களில் அடுக்கடுக்காக நிற்கும் ஆரோகேரியா மரமும் அப்படியே: பக்கக் கிளையை வெட்டி நட்டால் காலமெல்லாம் தரையோடு போகும்.

மாங்கன்றில் வேறொரு ஞாபகம் தெரியும். கொட்டை போட்டு முளைக்க வைத்த மரம் காய்க்க ஆறு, எட்டு ஆண்டு, சமயத்தில் அதற்கு மேலும் ஆகும். அதே கொட்டைச் செடியின் தலையை வெட்டிவிட்டு, காய்க்கிற மல்கோவாவில் எடுத்த குச்சியைச் செருகிக் கட்டினால் மூன்று, நான்கு ஆண்டில் காய் பார்க்கலாம். சில கன்றுகள் அந்த அவசரத்தையும் தாண்டி, பையில் இருக்கும்போதே, ஒரு முழ உயரத்தில், பூங்கொத்து தள்ளும். வாங்க வருகிறவர்கள் மகிழ்ந்து போவார்கள். நான் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் கொடுப்பேன். அந்தக் குச்சிக்குத் தன் வயது தெரியும். புதிய காலில் நின்றாலும் அது பெரிய மரத்தின் கிளைதான்.

இனி எங்கள் மாவட்டத்தின் குச்சிக்கிழங்கு. ஆத்தூர், தலைவாசல் பக்கம் போய் வயலில் நட்டுப் பத்து நாள் ஆன ஒரு மரவள்ளிக் குச்சியைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு சாண் குச்சிதான். அதில் இரண்டு கதை நடக்கும். மேலே துளிர்த்திருப்பது கணுவில் முன்பே இருந்த கண். தாய்ச் செடி அதை உண்டாக்கி உறங்க வைத்திருந்தது, இப்போது விழித்தது, அவ்வளவே. யாரும் யாராகவும் மாறவில்லை. கீழே வெட்டுவாயைச் சுற்றி வெள்ளையாக நீளும் வேர் அப்படிப்பட்டதன்று. நேற்றுவரை அங்கே வேர் இல்லை. தண்டின் வேலையைச் செய்துகொண்டிருந்த செல்கள்தாம் அந்த வேர்களைப் புதிதாக உண்டாக்கின. செல் அடையாளம் மாறியது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

தங்கள் கட்டுரையில் மலைப்பாதை ஓரத்தில் வெட்டிய மரக்கட்டை துளிர்ப்பதைப் படம் பிடித்து, ‘மறுபிறவி எடுத்த செல்கள்’ என்று கீழே போட்டிருந்தீர்கள். அந்தப் படத்தில் பட்டையை மீறி வந்திருப்பவை பெரும்பாலும் உறங்குகிற மொட்டுகள் விழித்தவை. கவாத்து முடிந்து ஒரு மாதத்தில் காப்பித் தோட்டத்துக்கு வந்தால் அப்படி ஆயிரம் மறுபிறவி காட்டுவேன். வேண்டியது ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதை ஒடித்து எறிவது எங்களுக்குக் கூலி வேலை.

குச்சிக்கிழங்கில் இன்னொன்றும் உண்டு. குச்சியைத் தலைகீழாக நடக் கூடாது என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். எது தலை என்று சந்தேகம் வந்தால் இலை உதிர்ந்த வடுவைப் பார்ப்பார்கள். கண் எப்போதும் வடுவுக்கு மேலே இருக்கும். 1878-ஆம் ஆண்டிலேயே ஹெர்மான் ஃபெக்டிங் என்ற ஜெர்மானியர் வில்லோ மரக் குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். மேலே தூக்கிக் கட்டியும் வேர் பழைய அடிமுனையில்தான் வந்ததாம். என் மகள் இதைச் சொன்னபோது, ஒரு நடவுக்காரியைக் கேட்டிருந்தால் தொங்கவிடாமலேயே சொல்லியிருப்பாளே என்றேன். “ஏன் என்று சொல்லியிருக்க மாட்டாள், அம்மா” என்றாள். அதுவும் நியாயம்தான்.

ஏன் என்பதற்கு அவள் சொன்ன விடையை விண்பதியம் கட்டுகிற எவரும் ஏற்பார்கள். ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி தளிர் நுனியில் உண்டாகித் தண்டு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. கொய்யாக் கிளையில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசியை வைத்துப் பாலித்தீன் சுற்றிக் கட்டுகிறோம். இறங்கி வரும் ஆக்சினும் இலை சமைத்த சர்க்கரையும் உரித்த இடத்தில் வழியின்றித் தேங்குகின்றன. வெட்டின் மேல் உதடு தடிக்கிறது, அங்கிருந்து வேர் வருகிறது. கீழ் உதட்டில் வருவதில்லை. பாலித்தீனுக்குள் வெள்ளை வேர் தெரியும்வரை அதைத் தொடாமல் இருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி.

கட்டுரையாளர் ‘குழந்தை செல்’ என்று எழுதியது எதை என்று யோசித்துப் பார்த்தேன். நட்டு மூன்று வாரமான காப்பிக் குச்சி ஒன்றை உருவிப் பார்த்தால், வெட்டுவாயைச் சுற்றி அரைவேக்காட்டு ஜவ்வரிசி ஒட்டியது போல வெள்ளையாக ஒரு பொருக்கு இருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும். அதற்கு உருவம் இல்லை, நார் இல்லை, பச்சை இல்லை. இதைக் காலஸ் என்கிறார்கள். பார்த்தால் ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளை போலத்தான் இருக்கிறது. விஞ்ஞானிகளும் நெடுங்காலம் அப்படியே நினைத்தார்கள். 2010-இல் கலிபோர்னியாவில் மெயரோவிட்ஸ் என்பவருடைய ஆய்வுக் குழு, கடுகின் தூரத்து உறவான அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் இந்தப் பொருக்கை எடுத்து, அதில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தது. வேர் நுனியில் விழித்திருக்க வேண்டியவை அதில் விழித்திருந்தன. பூவிதழை நறுக்கி உண்டாக்கிய பொருக்கிலும் அப்படியே. வெற்றுச் சிலேட்டு என்று நினைத்ததில் முன்கூட்டியே வேருக்கான கோலப்புள்ளி வைத்திருந்தது. அதனால்தான் ஜவ்வரிசிப் பொருக்கு இவ்வளவு சுலபமாக வேர் விடுகிறது போலும். இது என் ஊகம், மகள் பெயரில் போட்டுவிட வேண்டாம்.

‘எந்தச் செல்லும்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். மரத்தில் தண்ணீர் மேலே ஏறும் குழாய்கள் செத்துப்போன செல்கள். தன்னுள் இருப்பதை எல்லாம் கரைத்து வெறுங்கூடாகி, சுவர் மட்டும் நின்றால்தான் அது குழாய். அதைப் போய் எழுப்பினால் எழாது. சர்க்கரையைக் கொண்டுபோகும் குழாய்ச் செல் உயிரோடு இருக்கிறது, ஆனால் தன் உட்கருவைத் தொலைத்துவிட்டது. இவற்றை விட்டுவிட்டுத்தான் மற்றவற்றைப் பற்றிப் பேச வேண்டும். அந்த மற்றவையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். 1980-இல் ஜப்பானில் இருவர், நம் வாசல்களில் பூக்கிற ஜினியாச் செடியின் இலையிலிருந்து பச்சைச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஊட்டத் திரவத்தில் மிதக்க விட்டார்கள். சில நாளில் அவற்றில் பல, இரண்டாகப் பிளக்காமலேயே, நேரே தண்ணீர்க் குழாய்ச் செல்லாக மாறின. இலையில் சோறாக்கிக்கொண்டிருந்தது, குழந்தையாகாமல், எங்கும் போய்ப் பிறந்து வராமல், குழாயாகிச் செத்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது 1995-இல் நெதர்லாந்தில் நடந்தது. அதே அரபிடாப்சிஸ் வேரின் நுனியில் ஒற்றைச் செல்லை லேசர் ஒளியால் கொன்றார்கள். பக்கத்துச் செல் மெல்ல நகர்ந்து அந்தக் காலி இடத்துக்கு வந்தது. வந்ததும் தன் பழைய வேலையை விட்டுவிட்டு, அந்த இடத்துக்கு உரிய வேலையைச் செய்யத் தொடங்கியது. பழம் பறிக்கும்போது ஒரு நிரைக்கு ஆள் வராவிட்டால் பக்கத்து நிரைக்காரி அதையும் சேர்த்து எடுத்துக்கொள்வாள். யார் பெற்ற பிள்ளை என்பது அங்கே கணக்கில்லை, எந்த நிரையில் நிற்கிறாய் என்பதுதான் கணக்கு.

நிற்கும் இடத்தால் மாறுகிற செல்லும், எங்கே கொண்டுபோய் நட்டாலும் மாறாத பக்கக் கிளையும் ஒரே செடியில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் விவசாயிக்கு உதவும். ஒன்றை மட்டும் சொன்னால் 120 குச்சி வீணாகும்.

அப்படியானால் முழு மறதியே கிடையாதா என்று கேட்டேன். “உண்டு, ஆனால் அதற்கு வழி வேறு” என்றாள் மகள். செல் கருவாக வேண்டும். வேராகவோ தளிராகவோ ஆனால் போதாது. விதைக்குள் இருப்பது போன்ற கருவாகவே மாறி, அங்கிருந்து முளைக்க வேண்டும். 1970-இல் ரோபஸ்டா காப்பியின் தண்டுத் துண்டிலிருந்து அப்படிக் கருக்களை எடுத்துக் காட்டினார்கள். பிறகு இலைத் துண்டிலும் செய்தார்கள். நடு அமெரிக்க நாடுகளில் அரபிகா என்ற இன்னொரு காப்பி வகையின் கலப்பினங்களை இன்று இப்படித்தான் பெருக்குகிறார்கள். ஏறக்குறைய ஓராண்டு கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கக் கிளையில் பறித்த இலையாக இருந்தாலும், கருவாகி வந்த கன்று விதைக் கன்று போலவே நேராக நிற்கிறது. அந்த ஓராண்டு எனக்குத் தெரியாமல் போனதால்தான் பாய்க்காரி ஆனேன் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் தொலைபேசியைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த வழியில் மறக்கக் கூடாததையும் மறந்துவிடுகிற ஆபத்து இருக்கிறது. மலேசியாவில் நல்ல எண்ணெய்ப் பனைகளை இப்படிக் கண்ணாடிக்குள் பெருக்கி நட்டார்கள். பல மரங்கள் பல ஆண்டு வளர்ந்து, காய்க்கிற பருவத்தில், காயே கோணலாகி எண்ணெய் இல்லாமல் நின்றன. காரணத்தை 2015-இல்தான் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. அதன்மேல் ஓர் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய சின்ன வேதிக் குறி கண்ணாடி வாழ்க்கையில் கழன்றுவிட்டிருந்தது. அந்த இடத்தில் இருக்கும் துண்டுக்கு ‘கர்மா’ என்று பெயர். நான் வைத்த பெயர் இல்லை, விஞ்ஞானிகளே வைத்தது. கர்மா கழன்றால் நல்லது என்றுதானே நாம் நினைத்திருந்தோம்!

இரண்டு சில்லறைக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 1958-இல் அமெரிக்காவில் ஸ்டீவர்டு என்பவர் கேரட் செல்களை வளர்த்துச் செடியாக்கிய கதையைக் கட்டுரையாளர் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்தச் செல்களுக்குத் ‘தேங்காய்ப்பால்’ ஊட்டியதாக எழுதியிருக்கிறார். அவர்கள் ஊட்டியது தேங்காய்த் தண்ணீர். அந்தக் காலத்து ஆங்கிலக் கட்டுரைகளில் அதைப் பால் என்று எழுதியிருப்பார்கள். தமிழில் எழுதுகிறவருக்கு அந்தக் குழப்பம் வரலாமா? துருவிப் பிழிந்த பாலை ஊற்றினால் கேரட் செடியாகாது, குருமாதான் ஆகும்.

இன்னொன்று, அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி என்று சுற்றிவந்தவர் டெல்லியில் இறங்காமல் போய்விட்டார். 1964-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஸ்வரியும் ஊமத்தைப் பூவின் மகரந்தப் பையை எடுத்து வளர்த்தார்கள். மகரந்தத் தூள் வளர்ந்து ஆண் விந்தாக வேண்டியது. அது தன் விதியை விட்டுவிட்டுக் கருவானது, செடியாக முளைத்தது. தாய் இல்லாமல், பாதி மரபுச் சத்தோடு. பயிர் ஆராய்ச்சி செய்கிறவர்கள் உலகமெங்கும் இன்றும் அந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள். நம் வீட்டுக் குப்பைமேட்டில் முளைக்கிற ஊமத்தை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தமிழ்ப் பத்திரிகை விடலாமா?

அந்தத் தம்பி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். முற்றத்துத் திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். மொட்டையடித்த செடி சாகாது என்று முதலில் தைரியம் சொன்னேன். அதன் நடுத்தண்டை மெதுவாக வளைத்துத் தரையோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். மழை பிடித்ததும் வளைந்த முதுகில் வரிசையாகப் போத்துகள் நிமிரும். அவை விரல் கனம் ஆகும் முன் வெட்டி, கணுவுக்கு ஒரு துண்டாக்கிக் கொண்டுவந்தால் நானே வேர் பிடிக்க வைத்துத் தருகிறேன் என்றேன்.

எழுதி வைத்துக்கொண்டார். பிறகு ஒன்று கேட்டேன், “தம்பி, உங்கள் செடி அரபிகாவா, ரோபஸ்டாவா?” அரபிகா என்றார். “அப்படியென்றால் விதையையே போட்டுப் பாருங்களேன்.” ரோபஸ்டாவுக்கு வேறு செடியின் மகரந்தம் வேண்டும், பிள்ளைகள் பலவிதமாகப் பிரியும். அரபிகா பெரும்பாலும் தன் பூவில் தானே கருக்கொள்ளும். கலப்பினமாக இல்லாவிட்டால் பிள்ளை பெரும்பாலும் தாயைப் போலத்தான் வரும். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இங்கே அரபிகா பரவியது பெரும்பாலும் விதையால்தான். தம்பி கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதைக் கட்டுரையில் போட்டிருக்கலாமே, அம்மா” என்றார். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. கவாத்து செய்வது ஆசிரியர் உரிமை. செய்வதானால் பக்கக் கிளையில் கை வையுங்கள். காப்பிப் பத்தியை விட்டுவிடுங்கள்.

அவர் கொண்டுவந்த 120 குச்சியில் 40-ஐ வாங்கி வைத்துக்கொண்டேன். கிணற்றை ஒட்டி ஒரு பாத்தியில் வரிசையாக நட்டிருக்கிறேன். இன்று காலையில் ஒன்றை உருவிப் பார்த்தேன், ஜவ்வரிசி கட்டியிருக்கிறது. கட்டுரையாளருக்கு நேரம் இருந்தால் இரண்டு ஆண்டு கழித்து, பூ மழை பெய்த பத்தாம் நாள் வரட்டும். ஏற்காடு ஒண்டிக்கடையில் இறங்கி நாகலூர் சாலைக்கு வழி கேட்டால் சொல்வார்கள். என் பெயரைச் சொன்னால் தெரியாது.

இப்படிக்கு,
பாய்க்காரி,
நாகலூர் சாலை, ஏற்காடு